வலது சக்கரத்துல ஒரு நெயில் பாலிஷ் கோடு

எங்க அபார்ட்மென்ட்ல சின்னப் பசங்க இறங்குற முட்டியளவு பூல் ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு அங்க யாரும் வர மாட்டாங்க, செக்யூரிட்டி அண்ணா கிட்ட முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லி வெச்சுட்டு நானும் பொண்ணும் போட்டைத் தூக்கிட்டுப் போயிடுவோம். 62 சென்டிமீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் சக்கரம் வெச்ச பேடில் ஸ்டீமர் மாடல், எட்டு மாசம் ராத்திரி ராத்திரியா உக்காந்து பண்ணினது. அன்னைக்கு நேரா விட்டா கொஞ்ச தூரம் போயிட்டு வலது பக்கமா ஒதுங்கி ஒதுங்கி ஒரு பெரிய வட்டம் அடிச்சு எங்க கால் கிட்டயே வந்து நின்னுடுச்சு. மறுபடியும் விட்டோம், மறுபடியும் அதே வட்டம்.

நான் முதல்ல சுக்கான் மேலதான் சந்தேகப்பட்டேன். ரிமோட்ல ட்ரிம்மை, அதாவது சுக்கானோட நடு நிலையைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தற பட்டனை, இடது பக்கம் நாலு க்ளிக் தள்ளினேன், அஞ்சு நிமிஷம் நேரா போச்சு, அப்புறம் திரும்ப வட்டம். இன்னும் நாலு க்ளிக். பேடில் போட்ல சுக்கானுக்கு ஏற்கனவே பலம் கம்மி, ஏன்னா ப்ரொப்பல்லர் போட்ல பின்னாடி சுத்துற ஃபேன் தண்ணியை நேரா சுக்கான் மேலயே அடிக்கும், அதனால மெதுவா போனாலும் திரும்பும், இதுல சக்கரம் நடுவுல ரெண்டு பக்கமும் இருக்கு, சுக்கானுக்கு போட் நகர்ற வேகத்துல வர்ற தண்ணி மட்டும்தான் கிடைக்கும். அதனால "இது இப்படித்தான் இருக்கும்போல"ன்னு மூணு வாரம் ஓட்டிட்டேன். ரிவர்ஸ் போட்டப்பதான் உறைச்சுது. ரிவர்ஸ்ல மூக்கு அப்படியே மாறி இடது பக்கம் திரும்புச்சு. அப்ப இடது சக்கரம் மட்டும்தான் ஒழுங்கா வேலை செய்யுது, முன்னாடி போறப்ப அது தள்ளி மூக்கை வலது பக்கம் திருப்புது, பின்னாடி போறப்ப இழுத்து இடது பக்கம் திருப்புது. வலது சக்கரம் ஷாஃப்ட்டோட சேர்ந்து முழுசா சுத்தலை. எங்கயோ வழுக்குது.

இந்த போட் மேல எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்புன்னு சொல்லிடறேன். நான் பெங்களூர் அல்சூர்ல வளர்ந்தவன், ஏரிக்கரைல திருவள்ளுவர் சிலையை 1991லேர்ந்து 2009 வரைக்கும் மூடியே வெச்சிருந்தாங்களே, என் ஸ்கூல், காலேஜ் எல்லாம் அந்த வருஷங்கள்லயே முடிஞ்சு போச்சு. ஏரில போட்டிங் போற ஜனங்களைப் பார்த்துக்கிட்டே கரைல நிப்பேன். அப்புறம் வேலைக்குச் சேர்ந்து ஆன்சைட்ல கிளாஸ்கோ போனப்ப, ஒரு லீவு நாள்ல வேவர்லி கப்பல்ல ஏறினேன். 1946ல தண்ணில இறக்கினது, 1947லேர்ந்து பயணிகளை ஏத்திக்கிட்டு ஓடுது, கடல்ல பயணிகளோட போற பேடில் ஸ்டீமர்ல உலகத்துலயே கடைசியா மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். 1974ல ஒரு பவுண்டுக்குக் கை மாத்திக் காப்பாத்தினாங்க. அதுல என்னன்னா இன்ஜின் ரூமை மூடி மறைக்கலை, நடைபாதைல நின்னுக்கிட்டே பார்க்கலாம், ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பிங்க எண்ணெய் மினுமினுக்க போயிட்டு வந்துட்டு இருக்கும், வெந்நீரும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை. ரெண்டு சக்கரமும் ஒரே ஷாஃப்ட்ல இருக்கு, தனித்தனியா சுத்தாது. நான் ரெண்டு மணி நேரம் வெளில கடலைப் பார்க்கவே இல்லை. ஊருக்குத் திரும்பினதும் என்னைக்காவது ஒண்ணு பண்ணணும்னு மனசுல போட்டு வெச்சது, பொண்ணு ஆறாம் கிளாஸ் வந்தப்பதான் கை கூடுச்சு.

ஏன் ப்ரொப்பல்லர் வெக்கலைன்னு நிறைய பேர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். 1845ல பிரிட்டிஷ் நேவிக்காரங்க ராட்லர்னு ஒரு ப்ரொப்பல்லர் கப்பலையும் அலெக்டோன்னு ஒரு பேடில் கப்பலையும் பின்பக்கத்தோட பின்பக்கம் சேர்த்துக் கட்டிவிட்டு இழுக்க விட்டாங்க, ப்ரொப்பல்லர் கப்பல் பேடில் கப்பலை பின்பக்கமாவே இழுத்துட்டுப் போயிடுச்சு. பலத்துல ப்ரொப்பல்லர்தான் ஜெயிக்கும். ஆனா ப்ரொப்பல்லர் தண்ணிக்கு அடில இருக்கு, பொண்ணுக்கு அது வேலை செய்யறது கண்ணுக்குத் தெரியாது. சக்கரம் தண்ணியை அள்ளி அள்ளிப் போடறது தெரியும், கேக்கும்.

சரி, வழுக்கற விஷயத்துக்கு வரேன். ஷாஃப்ட் 4 மில்லி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. நடுவுல ஒரு புல்லி, மேல 12 வோல்ட் கியர் மோட்டார், ரெண்டுக்கும் நடுவுல ரப்பர் ஓ ரிங்தான் பெல்ட். சக்கரம் 88 மில்லி விட்டம், 3 மில்லி அக்ரிலிக்ல லேசர் கட்டிங் குடுத்து எடுத்தது, ஒவ்வொண்ணுலயும் எட்டு பலகை. சக்கரத்தையும் ஷாஃப்ட்டையும் சேர்க்கறது எஸ்.பி. ரோடுல வாங்கின சின்ன பித்தளை ஹப், அதுல பக்கவாட்டுல ஒரே ஒரு கிரப் ஸ்க்ரூ, எம்3, தலை இல்லாத ஸ்க்ரூ, 1.5 மில்லி ஆலன் கீ போட்டு முடுக்கணும். கம்பி உருண்டை, ஸ்க்ரூ முனை வந்து அது மேல உக்காந்திருக்கு, அவ்வளவுதான் பிடிமானம்.

நான் பண்ணின முதல் வேலை எல்லாரும் பண்றதுதான், இன்னும் நல்லா முடுக்கினேன். ரெண்டு நாள் நின்னுச்சு. அப்புறம் இன்னும் முடுக்கினேன், ஆலன் கீயோட மூலைங்க மழுங்கிப் போய் உள்ள சுத்த ஆரம்பிச்சுது. புது கீ வாங்கினேன். அடுத்தது நீலக் கலர் த்ரெட் லாக்கர், ஸ்க்ரூ தளராம இருக்க மரைல விடற பசை, ஒரு சொட்டு போதும்னு தெரிஞ்சும் ரெண்டு மூணு சொட்டு விட்டேன், ஷாஃப்ட்டைத் துடைக்காமலே, பேரிங் புஷ்ஷுக்குப் போட்ட எண்ணெய் அது மேல படிஞ்சிருக்கறப்பவே. அந்த திரவம் காத்து படாத இடத்துல, உலோகத்தோட ஒட்டினாப்லதான் கெட்டியாகும். பித்தளை மேல சீக்கிரம் பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் மேல நிதானமாத்தான் பிடிக்கும், எண்ணெய் இருந்தா சரியா பிடிக்காது. மிச்சம் வழிஞ்சது அக்ரிலிக் மேல போய்ச் சேர்ந்துச்சு. மறுநாள் காலைல வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா ஹப்பைச் சுத்தி அக்ரிலிக்ல முடி மாதிரி நுணுக்கமான விரிசல், ஸ்க்ரூ ஓட்டை ஒவ்வொண்ணுலேர்ந்தும் கிளம்பி வெளிப்பக்கமா ஓடியிருக்கு. இந்த லாக்கர் வகை பல பிளாஸ்டிக்குக்கு ஆகாது, முடுக்கி இறுக்கத்துல இருக்கற அக்ரிலிக்னா சுத்தமா ஆகாது. மாடல் பண்றவங்க யாராவது இதைப் படிச்சா தயவு பண்ணி இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, ஒரு சக்கரமே போச்சு எனக்கு. ஃபெவிக்விக் மாதிரி இன்ஸ்டன்ட் பசையும் வேண்டாம், அது அக்ரிலிக் மேல வெள்ளையா பூஞ்சை படிஞ்ச மாதிரி ஆக்கிடும், காஞ்சதும் கண்ணாடி மாதிரி இருக்கும், அடி வாங்கினா உடைஞ்சுடும்.

புது சக்கரம் வெட்டி வாங்கி மாட்டினேன், அதே ஹப், அதே ஸ்க்ரூ. இந்தத் தடவை பொண்ணு பக்கத்துல உக்காந்து பார்த்துட்டு இருந்தா. "அப்பா, வழுக்குதுன்னு எப்படித் தெரியும், எப்பவும் சுத்திக்கிட்டேதானே இருக்கு"ன்னு கேட்டா. நான் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பிச்சேன், அவ அதுக்குள்ள எழுந்து போய் அவங்க அம்மாவோட நெயில் பாலிஷ் எடுத்துட்டு வந்துட்டா. சிவப்பு. பிரஷ்ஷோட நுனியை பாட்டில் விளிம்புல நல்லா வழிச்சுட்டு, ஷாஃப்ட் முனைலேர்ந்து ஹப் மேல ஏறி ஒரே நேர்க்கோடு போட்டா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, ஒரே இழுப்பு. "கோடு ரெண்டா உடைஞ்சா வழுக்கிடுச்சுன்னு அர்த்தம்." ஃபேக்டரிங்கள்ல போல்ட்டுல பெயின்ட் மார்க் போடறது இதே வேலைக்குத்தான், அவளுக்கு அது யாரும் சொல்லிக் குடுக்கலை.

பத்து நிமிஷம் ஓட்டிட்டு எடுத்துப் பார்த்தோம். ஷாஃப்ட்ல இருந்த பாதிக் கோடு மேல பார்த்து நிக்குது, ஹப்புல இருந்த பாதி பக்கவாட்டுல இருக்கு. கால் சுத்து. இடது பக்கக் கோடு அசையவே இல்லை.

அன்னைக்கு சாயந்திரம் மாமனாருக்கு போன் பண்ணினேன். அவர் எச்.எம்.டி.ல டர்னரா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், ஜாலஹள்ளிலயே வீடு. என்னை எப்பவும் மரியாதையாத்தான் கூப்பிடுவார், வாங்க போங்கன்னுதான், கல்யாணமாகி இத்தனை வருஷத்துல மாறலை. விஷயத்தை முழுசா கேட்டுட்டு, "போட்டோ எல்லாம் அனுப்பாதீங்க மாப்ள, எனக்கு போட்டோல ஒண்ணும் புரியாது, கையில தொட்டாதான் தெரியும், எடுத்துட்டு வாங்க"ன்னார்.

சனிக்கிழமை கே.ஆர்.புரத்துல மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்ல பச்சை லைனுக்கு மாறி ஜாலஹள்ளி போனோம். போட்டை பெட்ஷீட்ல சுத்தி அட்டைப் பெட்டில வெச்சு மடில வெச்சுக்கிட்டு. ஸ்கேனர்ல பேட்டரியும் வயரும் தெரிஞ்சதும் செக்யூரிட்டி அம்மா நிறுத்தி "இது ஏனு சார்?"னு, அதாவது இது என்னன்னு, கன்னடத்துல கேட்டாங்க, பெட்டியைத் திறந்து காட்டினதும் பக்கத்துல இருந்தவங்களையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. பொண்ணு கன்னடத்துல சக்கரத்தைக் காட்டி விளக்கிட்டு இருந்தா, வரிசைல பின்னாடி நின்னவங்களும் எட்டிப் பார்த்தாங்க.

மாமா வாசல் திண்ணைல நியூஸ்பேப்பர் விரிச்சு தயாரா இருந்தார். போட்டை வாங்கினதும் எதையும் கேக்கலை. சக்கரத்தோட விளிம்பை ரெண்டு விரலால பிடிச்சு உள்ளயும் வெளியும் லேசா ஆட்டிப் பார்த்தார், அப்புறம் சுத்துற பக்கமா முன்னும் பின்னும். காதைக் கிட்ட கொண்டுபோனார். எனக்கு ஒண்ணும் கேக்கலை, அவர் "ஆட்டம் இருக்கு"ன்னார்.

அடுத்தது அவர் பண்ணினதை நான் மறக்கவே மாட்டேன். பொண்ணைக் கூப்பிட்டு ஷாஃப்ட்டோட வெளி முனையைக் கட்டை விரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் கெட்டியா பிடிக்கச் சொன்னார். "விடாதே கண்ணு." அவர் சுண்டு விரலை சக்கரத்து விளிம்புல வெச்சு சும்மா தள்ளினார். ஷாஃப்ட் அவ விரலுக்குள்ள சுலபமா சுத்துச்சு. அவ ரெண்டு கையாலயும் பிடிச்சா. அப்பவும் சுத்துச்சு. "தாத்தா நீங்க பலமா தள்றீங்க"ன்னா. "நான் சுண்டு விரல்லதான் தள்றேன், நீ வேணா தள்ளிப் பாரு"ன்னு இடத்தை மாத்தினார், இப்ப அவ சுண்டு விரலால தள்ளினா, அவரோட காய்ச்சுப் போன விரலுக்குள்ளயும் ஷாஃப்ட் வழுக்குச்சு.

"மாப்ள, பலகையோட நடு, சென்டர்லேர்ந்து எவ்வளவு இருக்கும்?"

"40 மில்லி மாமா."

"ஷாஃப்ட்டோட மேல் தோல்?"

"2 மில்லி."

"இருபது பங்கு. தண்ணி அங்க 100 கிராம் தள்ளினா இங்க அந்த ஸ்க்ரூ முனை 2 கிலோ தாங்கணும். அதுவும் ஒரே சீரா இல்ல, ஒவ்வொரு பலகையும் தண்ணில இறங்கறப்ப ஒரு தட்டு."

நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். தண்ணில ஓடறப்ப நிமிஷத்துக்கு 90 சுத்து, எட்டு பலகை, அப்ப வினாடிக்கு 12 தட்டு, ஒரு மணி நேரத்துக்கு 43,200. அந்த ஸ்க்ரூ முனை ஒரு உருண்டைக் கம்பி மேல உக்காந்துக்கிட்டு இத்தனை தட்டையும் வாங்குது. நடுவுல நான் முன்னாடியும் பின்னாடியும் மாத்தி மாத்தி ஓட்டினா ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பக்கமா ஒரு இடி. நான் எவ்வளவு முடுக்கினாலும் அந்த இடத்துல ஒரு மிளகு நுனி அளவுதான் தொடுது, பிடிக்க அங்க ஒண்ணுமே இல்லை. "ஸ்க்ரூவை நீங்க டைட் பண்ணினது தப்பில்ல மாப்ள, அதுக்கு உக்கார இடம் குடுக்கலை, அதான்"னார் மாமா.

கழட்டறதே பெரிய வேலையாப் போச்சு. ஸ்க்ரூவைத் தளர்த்தியும் ஹப் வரலை. கிரப் ஸ்க்ரூவோட முனை கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கும், அந்த விளிம்பு கம்பியைக் கடிக்கறதுக்காகவே அப்படி பண்ணியிருக்காங்க, நான் முடுக்கி முடுக்கி அது கடிச்ச இடத்துல எல்லாம் பிசிறு கிளம்பி நிக்குது, ஹப்போட ஓட்டை அந்தப் பிசிறைத் தாண்டி வர முடியலை. இழுத்தா அக்ரிலிக் உடைஞ்சுடும். மாமா ஹப்பை வெளிப்பக்கம் இழுக்காம உள்பக்கமா நகர்த்தினார், வெளில வந்த பிசிறை சின்ன அரத்தால நாலு இழுப்புல சமன் பண்ணினார், ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டார், சுத்திக்கிட்டே வெளில எடுத்தார். வந்துடுச்சு. ஷாஃப்ட்டைப் பார்த்தா ஒரு வளையம் பூராவும் கீறல், ஸ்க்ரூ உழுதுக்கிட்டே சுத்தியிருக்கு.

வெர்னியர் வெச்சு அளந்தார். ஷாஃப்ட் 3.98. இடது ஹப் ஓட்டை 4.02. வலது ஹப் ஓட்டை 4.15. ரெண்டும் ஒரே கவர்ல வந்த ஹப், ஒரே விலை. அந்த 0.17 மில்லி இடைவெளில ஒரே ஸ்க்ரூ ஒரு பக்கமா தள்றப்ப, கம்பி எதிர்ப்பக்கச் சுவர்ல ஒரு கோட்டுல மட்டும்தான் தொடும், மத்த இடமெல்லாம் காத்து. ஒவ்வொரு தட்டுக்கும் ஹப் தொட்டில் மாதிரி ஆடும், ஆடி ஆடி ஸ்க்ரூ தன்னாலேயே தளரும். மரையும் தேஞ்சு போயிருந்துச்சு, பித்தளை மிருதுவான உலோகம், என் கைவேலை.

"இது உதவாது. புதுசா கடையலாம், வாங்க."

பீன்யால அவரோட பழைய சினேகிதர் ஒருத்தர் கடைசல் பட்டறை வெச்சிருக்கார், ரெண்டே லேத், ஒண்ணு எச்.எம்.டி. லேத். சனிக்கிழமை மதியம், பசங்க எல்லாம் கிளம்பிட்டாங்க. மாமா லேத் முன்னாடி போய் நின்னதும் ஆளே மாறிட்டார், முதுகு நிமிர்ந்துடுச்சு, சட்டைக் கையை மடிச்சு, வாட்சைக் கழட்டி என் கையில குடுத்தார். 12 மில்லி பித்தளை ராடு ஒரு துண்டு. சென்டர் போட்டு, 3.8ல ட்ரில் விட்டு, அப்புறம் 4 மில்லி ரீமர். ட்ரில் பிட் போடற ஓட்டை எப்பவும் கொஞ்சம் பெருசாவோ கோணலாவோதான் வரும், அளவு வேணும்னா ரீமர்தான்னு சொல்லிக்கிட்டே பண்ணினார். பித்தளைத் தூள் மஞ்சளா பொடிப் பொடியா அவர் கை முடில ஒட்டிக்கிச்சு. பழைய ஹப் 6 மில்லி நீளம்தான், இதை 12 மில்லியா விட்டார், நீளம் ஜாஸ்தி ஆனா ஆட்டம் குறையும். அப்புறம் 2.5 மில்லி ட்ரில், மரை வெட்ட எம்3 டேப், ஒண்ணு இல்லை, ரெண்டு ஸ்க்ரூ ஓட்டை.

ரெண்டும் எதிரெதிரா இல்லாம ஏன் 90 டிகிரில போடறீங்கன்னு கேட்டேன். எதிரெதிரா போட்டா ரெண்டு ஸ்க்ரூவும் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு நிக்கும், கம்பி நடுவுல தொங்கும், ஹப்போட சுவருக்கு வேலையே இருக்காது. 90 டிகிரில போட்டா ரெண்டும் சேர்ந்து கம்பியை ஒரு மூலைக்குத் தள்ளி சுவரோட அழுத்திடும். சுவரும் பிடிக்கும், ஸ்க்ரூவும் பிடிக்கும். பெரிய கப்பல்ல சக்கரத்துக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல கீவேன்னு ஒரு பள்ளம் வெட்டி அதுல கீன்னு ஒரு உலோகத் துண்டை அடிச்சு உக்கார வெப்பாங்க, நம்ம 4 மில்லி கம்பில கீவே வெட்ட இடம் ஏது, அதனால அதுக்குப் பதிலா ஃப்ளாட், அதாவது ஸ்க்ரூ உக்கார்ற இடத்துல கம்பியைத் தட்டையா அராவி விடறது.

ஃப்ளாட் போடற வேலையை மாமா என்கிட்டதான் குடுத்தார். வைஸ் தாடைக்கு ரெண்டு அலுமினியம் துண்டு வெச்சு, அதுக்கு நடுவுல ஷாஃப்ட், பேரிங் புஷ்ஷுக்குள்ள இரும்புத் தூள் போகாம இருக்க ஈரத்துணி சுத்தி. மார்க்கர் பேனாவால ஷாஃப்ட்ல கருப்பு அடிச்சு, 8 மில்லி நீளம் மட்டும் அளந்து கோடு. முனை வரைக்கும் ஃப்ளாட்டை விடக்கூடாது, முனைல முழு உருண்டை மிச்சம் இருக்கணும், அப்பதான் ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்தாலும் சக்கரம் கழண்டு தண்ணில விழாது, ஸ்க்ரூ அந்தப் படில போய் முட்டி நிக்கும். "அரத்தை முன்னாடி தள்றப்ப மட்டும் அழுத்துங்க, திரும்பி வர்றப்ப தூக்கிடுங்க, தேய்க்காதீங்க. ஸ்டெயின்லெஸ்ஸை மழுங்கின அரத்தால தேய்ச்சீங்கன்னா அது இன்னும் இறுகிக்கும்." முதல் பத்து இழுப்புல கருப்பு மை மட்டும் போச்சு. அப்புறம் ஒரு மெல்லிசான வெள்ளிக் கோடு தெரிஞ்சுது, ஒவ்வொரு இழுப்புக்கும் அது அகலமாச்சு, ஒரு பக்கம் அகலமாவும் மறு பக்கம் ஒடுங்கியும் வந்தா நான் அரத்தை சாய்ச்சுப் பிடிக்கறேன்னு அர்த்தம், அதைப் பார்த்துப் பார்த்து மணிக்கட்டைத் திருத்திக்கிட்டேன். அரை மில்லி ஆழம் வர இருபது நிமிஷம் ஆச்சு. மாமா நகத்தை வெச்சு வருடிப் பார்த்துட்டு தலையை ஆட்டினார், அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. எனக்கு அது போதும்.

இடது சக்கரத்தையும் சேர்த்தே மாத்திட்டோம், அது இன்னும் வழுக்கலைங்கறதுக்காக விட்டு வெக்க மனசு வரலை. பொண்ணு மழுங்கின ஆலன் கீயை தூக்கிப் போடப் போனா, மாமா தடுத்து கிரைண்டர்ல முனையை 3 மில்லி வெட்டி எடுத்துக் குடுத்தார், உள்ள புது மூலைங்க அப்படியே இருக்கு, இன்னும் பல வருஷம் வரும்.

மாட்டறது வீட்டுக்கு வந்து பண்ணினேன், அவர் சொன்ன வரிசைலயே. ஷாஃப்ட், ஹப் உள்பக்கம், ஸ்க்ரூ மூணையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, துணில கருப்பு வராத வரைக்கும் துடைச்சு, காய விட்டு. ஹப்பை அக்ரிலிக்கோட சேர்க்காம தனியா ஷாஃப்ட்ல ஏத்தி, ஃப்ளாட் மேல வர்ற ஸ்க்ரூவை முதல்ல லேசா உக்கார வெச்சு, ஹப்பை முன்னும் பின்னும் கொஞ்சம் அசைச்சா ஸ்க்ரூ முனை ஃப்ளாட்ல படுக்கறது விரல்ல தெரியும், அப்ப முடுக்கி, அதுக்கப்புறம் ரெண்டாவது. ஒவ்வொரு ஸ்க்ரூவா வெளில எடுத்து மரைல ஒரே சொட்டு நீல லாக்கர், தீக்குச்சி நுனியால தொட்டு வெச்சது, திரும்பப் போட்டு முடுக்கி, 24 மணி நேரம் தொடாம வெச்சேன். சிவப்பு லாக்கர் வேண்டாம், அது பிடிச்சா பிளோயர் வெச்சு நல்லா சுட வெச்சாதான் விடும், அக்ரிலிக் பக்கத்துல அவ்வளவு சூடு காட்ட முடியாது. லாக்கர் முழுசா காஞ்சப்புறம்தான் சக்கரத்தை மூணு சின்ன போல்ட் போட்டு ஹப்போட சேர்த்தேன், அந்த போல்ட்டுக்கு லாக்கரே இல்லை, நைலான் உள்ள வெச்ச நட்.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கும் மாமாவுக்கும் பேச்சு நீண்டுச்சு. ஹப்பையும் ஷாஃப்ட்டையும் சேர்த்து குறுக்க ஓட்டை போட்டு பின் அடிச்சா ஜென்மத்துக்கும் வழுக்காதேன்னு கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார், சக்கரத்துல ஆகாயத்தாமரை வேர் சுத்திக்கிட்டா என்ன ஆகும்? மோட்டார் தள்ளிக்கிட்டே இருக்கும், சக்கரம் நகராது, ஏதாவது ஒண்ணு விட்டுக் குடுத்தே ஆகணும், இல்லைன்னா கியர் பல்லு போகும், மோட்டார் சூடாகி கருகும். விட்டுக் குடுக்கற இடம் எதுன்னு நாமதான் முடிவு பண்ணணும். இந்த போட்ல அது ரப்பர் பெல்ட்டா இருக்கட்டும், இருபது ரூபா சாமான், வழுக்கினா சத்தம் கேக்கும், தேஞ்சா மாத்திக்கலாம். அதைக் கேட்டப்புறம் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வெச்சேன், கையால சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தினா பெல்ட் வழுக்கற அளவுக்கு. 4 மில்லி கம்பில 1.5 மில்லி ஓட்டை போட்டா அந்த இடத்துல கம்பியே பலவீனமாகும்ங்கறதும் இருக்கு. பின் வேண்டாம்னு விட்டுட்டேன்.

பொண்ணு மறுபடியும் சிவப்புக் கோடு போட்டா. பூல்ல 40 நிமிஷம் ஓட்டினோம், வேணும்னே முன்னாடி பின்னாடி முன்னாடின்னு மாத்தி மாத்தி. ட்ரிம்மை எல்லாம் நடுவுக்குக் கொண்டு வந்துட்டேன். நேரா போச்சு. எடுத்து வெளிச்சத்துல பார்த்தோம், கோடு ஒரே கோடாவே இருந்துச்சு.

அடுத்த மாசம் ஓசூர் தாண்டி என் மனைவியோட சித்தி ஊருக்குப் போனப்ப அங்க ஏரில விட்டோம். கரையோரம் பூரா ஆகாயத்தாமரை, நடுவுல மட்டும் தெளிவான தண்ணி. சித்தி வீட்டுப் பசங்க, அவங்க சினேகிதங்க, மாடு மேய்ச்சுட்டு இருந்த ஒரு பெரியவர், எல்லாரும் கரைல. ஒரு தடவை ஓரமா வந்தப்ப வலது சக்கரத்துல வேர் சுத்திக்கிச்சு, பெல்ட் கீச்னு சத்தம் போட்டுது, உடனே த்ராட்டிலை விட்டுட்டேன். காத்து தள்ளிக் கொண்டு வந்து குடுத்துச்சு. பொண்ணு முட்டி வரைக்கும் இறங்கி எடுத்துட்டு வந்து, வேரை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்துட்டு, பாவாடை நுனியால ஹப்பைத் துடைச்சுப் பார்த்தா. சேறுக்கு அடில சிவப்புக் கோடு, உடையலை.

அங்கேர்ந்தே தாத்தாவுக்கு வீடியோ கால் போட்டா. அவர் ஸ்க்ரீனைப் பார்க்கவே இல்லை, போனைக் காது கிட்ட வெச்சிருந்தார், எங்களுக்கு அவரோட காது மட்டும்தான் பெருசாத் தெரிஞ்சுது. "போனைச் சக்கரத்துக்கிட்ட கொண்டு போ கண்ணு." அவ தண்ணி தெறிக்கற அளவுக்குக் கிட்ட கொண்டு போனா. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை அந்தப் பக்கம்.

"மாப்ள, ரிவர்ஸ் போடுங்க."

போட்டேன்.

"இன்னொரு தடவை முன்னாடி."

போட்டேன். பலகைங்க தண்ணியை அள்ளற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

"ம்ம். ஓடட்டும், ஓடட்டும், கட் பண்ணாதீங்க"ன்னார்.